தலைகீழாய் எரிந்த விளக்கு

அத்தியாயம் 9

இன்ஸ்பெக்டருக்குக் கவிதை என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளுக்குப் பயந்து கடைசி பெஞ்சில் ஒளிந்த மனிதர், இப்போது ஒரு கவிதையை வைத்தே ஆளைப் பிடித்து லாக்கப்பில் போட்டிருந்தார். அந்தப் பெருமையை எதிரே உட்கார்ந்திருந்த இருவரிடமும் மறைக்க அவர் கொஞ்சமும் பாடுபடவில்லை.

"'நான்தான் உன்னைக் கொன்றேன், ஆசானே.' நிறைஞ்ச சபையில, எழுந்து நின்னு சொல்றான். கடைசி வரிசையில நான் உட்கார்ந்திருக்கேன். தட்டுல வெச்சு நீட்டினதை வேண்டாம்னா சொல்வேன்?"

"தினமும் எவனாவது ஒருத்தன் 'உன் பார்வையில செத்தேன்'னு பாட்டுப் பாடுறான் சார். அந்தப் பொண்ணுங்க மேல எல்லாம் கேஸ் போட்டுட்டீங்களா?" என்று கேட்டான் ஒட்டடை.

அவன் உயரத்துக்கும் ஒல்லிக்கும் யாரோ ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்தார்கள். காலப்போக்கில் குச்சி முறிந்து ஒட்டடை மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் இருந்தவர் அவனுடைய முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தே தலை நரைத்தவர். வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் ஊருக்கு அவர் இன்சூரன்ஸ் அக்காதான். ஒட்டடைக்கு வெறும் அக்கா.

செத்தவர் கவிதை வாத்தியார். ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மாலை வகுப்பு நடத்தினார். மாணவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அவரை ஆசான் என்பார்கள். கரண்ட் போயிருந்த ஒரு மாலையில், வகுப்பு கலைந்த பிறகு, சரக்கு லிஃப்டின் குழிக்குள் விழுந்து செத்தார். தவறி விழுந்தார் என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் லிஃப்டின் மடக்குக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்கிற சாவி வகுப்பறை ஆணியில் சமர்த்தாகத் தொங்கியது. விழுந்தவர் ஏறி வந்து கதவைச் சாத்தி, சாவியை மாட்டிவிட்டு, திரும்பப் போய்ச் சாக மாட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அதே வகுப்பறையில் இரங்கல் கூட்டம். ஆளுக்கொரு கவிதை வாசித்தார்கள். அதில் ஒருவன் எழுந்து நான்தான் கொன்றேன் என்றான். பெயிண்ட் கடையில் விற்பனையாளன்; எதையும் பத்து மடங்காக்கிச் சொல்வதால் ஆசான் அவனுக்கு வைத்த பேர் மிகை. கூட்டம் முடிவதற்குள் கையில் விலங்கு. இன்று மாலை கோர்ட். கொலைக் குற்றம் ஏறிவிட்டால் இறங்குவது லேசில்லை. அவனுடைய மனைவிதான் அக்காவைத் தேடி வந்தவள்.

"நேத்து இங்கயும் வந்துச்சு அந்தப் பொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "'அவரை விடுங்க, என்னைப் பிடிங்க'ன்னு ஒரே அழுகை. எத்தனை பொண்டாட்டிங்க இதே வசனத்தை இந்த ரூம்ல பேசியிருக்காங்க தெரியுமா? தண்ணி கொடுத்து அனுப்பி வெச்சேன்."

அக்கா மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த டார்ச்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"செத்தவரோடதா?"

"ஆமா மேடம். வார் மணிக்கட்டுல சுத்தியிருந்துச்சு. விழுந்தவர் கை ஒரு இரும்புச் சட்டத்துல மாட்டி, டார்ச் தலைகீழாத் தொங்கிட்டிருந்துச்சு."

"கையில விளக்கை வெச்சுக்கிட்டே கிணத்துல விழுந்த கதை," என்றான் ஒட்டடை.

"எரிஞ்சுட்டு இருந்துச்சா?" என்று கேட்டார் அக்கா.

"காலையில நாங்க போனப்ப எப்படி எரியும்? செல் தீர்ந்து கிடந்தது."

அக்கா உறைக்கு மேலேயே சுவிட்சைத் தடவினார். அது முன்னால் தள்ளியிருந்தது. "டார்ச் இருந்த நிலையை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மூச்சு விடலை. பார்த்தது நானும் லிஃப்ட் மெக்கானிக்கும் என் ரெண்டு ஆளுங்களும். பத்திரிகைக்குக்கூட 'குழியில பிணம்'னு ஒரு வரிதான்."

லாக்கப்பில் மிகை கம்பியைப் பிடித்தபடி நின்றான். சட்டைக் காலரில் மஞ்சள் பெயிண்ட் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. கேட்பதற்கு முன்பே கொட்ட ஆரம்பித்தான்.

"நான்தான் மேடம். எழுதிக்கோங்க. ஆயிரம் யானை பலத்தோட தள்ளினேன். அண்டமே அதிர்ந்துச்சு."

"கீழ் மாடியில பீடி குடிச்சிட்டிருந்த வாட்ச்மேனுக்குக் கேட்கலையாமே அண்ணே," என்றான் ஒட்டடை. "அண்டம் அதிர்ந்தா அவர் பீடியாவது கீழ விழுந்திருக்குமே."

மிகை சிரிக்கவில்லை. அக்கா மெதுவாகக் கேட்டார். "தள்ளினப்ப அங்க வெளிச்சம் இருந்துச்சா?"

மடை திறந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தவனின் வாய் அடைத்துக்கொண்டது.

"இல்லை. வெளிச்சம்னு ஒண்ணுமே இல்லை மேடம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அதை எழுதிக்கோங்க."

வெளியே வந்ததும் ஒட்டடைக்கு நடை துள்ளியது. "டார்ச் சுவிட்ச் போட்டபடி இருக்கு, இவர் இருட்டுங்கறார். ஆள் அங்க இல்லவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? கேஸ் முடிஞ்சுது அக்கா. அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டுச் சொல்லிடவா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"பேச்சுன்னா வாரி இறைக்கிறவர், வெளிச்சத்தைப் பத்திக் கேட்டதும் ஏன் கஞ்சனா மாறினார்? தெரியாதவன் சரளமாப் புளுகுவான்டா. இவர் எதையோ பொத்திப் பேசுறார்." அக்கா குடையை விரித்தார். "அந்தக் கூட்டத்துல யார் என்ன வாசிச்சாங்கன்னு முழுசாக் கேட்கணும்."

கூட்டத்தைப் போனில் பதிவு செய்தவர் மருந்துக்கடைக்காரர். அவரும் ஆசானின் மாணவர்தான்; எதுகை இல்லாமல் வாய் திறக்காதவர் என்பதால் பேரே எதுகை. மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"இருமலா, பொருமலா? எதுவானாலும் மருந்து இருக்கு."

"ஆசானைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்தோம்," என்றார் அக்கா.

எதுகையின் முகம் தொங்கிப்போனது; பேச்சிலிருந்த எதுகையும் உதிர்ந்தது. கத்தரியைக் கீழே வைத்தார். "சொல்லித் தர்றதுல அவரை மாதிரி ஆள் கிடையாது. மனுஷனா எப்படின்னு என்னைக் கேட்காதீங்க. வகுப்புல அவருக்கு ஒரே சட்டம். கண்டதை அப்படியே சொல்லு, காணாததுக்கு மட்டும் உவமை தேடு."

"புரியலையே," என்றான் ஒட்டடை. "எனக்கு எதைப் பார்த்தாலும் இன்னொண்ணு மாதிரிதான் தெரியும். உங்க கடைகூடப் பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு."

"அவர் இருந்தா உன்னைச் சுவரைப் பார்த்து உட்கார வெச்சிருப்பார் தம்பி. ஒரு நாள் நான் தொப்பலா நனைஞ்சு வந்து, பூ போல மழைன்னு எழுதினேன். 'உன் சட்டை ஈரமாயிருக்கு. நீ பார்த்த மழைக்கு எதுக்குடா பூ? பார்க்காதவன் கூட்டிக்கழிச்சு எழுதுறதை நீ ஏன் எழுதுறே'ன்னு கேட்டார். வகுப்பு முடியற வரைக்கும் சுவர்தான். வருஷக்கணக்கா இப்படி வாங்கி வாங்கி, இப்ப வேற மாதிரி எழுதச் சொன்னாலும் எங்களுக்குக் கை வராது."

"எல்லாருக்குமா?"

"மிகைக்கு மட்டும் ஏறலை. அவன் எழுதுறது பூரா உயர்வு நவிற்சி. ஒரு தும்மல் போட்டா ஏழு கடலும் வத்திப்போகும். ஆசான் ஒரு வரி விடாம அடிப்பார். அவன் சம்சாரம் நேர் எதிர். துணி வெட்டுற கையாச்சே, சொல்லையும் அளந்துதான் வெட்டுவா. அவளுக்குச் சிக்கனம்னு பேர். அவதான் எங்கள்ல உசத்தி." அவர் போனை மருந்துப் பெட்டிமேல் சாய்த்து வைத்தார். "அவ வாசிச்சதைக் கேளுங்க. சபையே எழுந்து நின்னுச்சு."

நாற்காலி இழுபடும் ஓசை. ஒரு இருமல். பிறகு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது போன்ற ஒரு பெண்குரல்.

*பூட்டிய வீடு போல் இனி எங்கள் மாலை.*
*பாதாளம் போல் இருந்திருக்கும் உன் தனிமை.*
*கடலடி போல் இருக்கும் நீ போன ஊர்.*
*உன் கையில் விளக்கு*
*தலைகீழாய் எரிந்துகொண்டிருந்தது.*
*ஆளில்லாக் கிணறு போல் இனி உன் பேர்.*

கைதட்டல் போனை அதிர வைத்தது. எதுகை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட உருவகம் பாருங்க. உவமைன்னா இது அது போலன்னு தள்ளி நின்னு சொல்றது. உருவகம்னா அதுவே இதுதான்னு அடிச்சுச் சொல்றது. விளக்குன்னா அறிவு. கொடுக்க வேண்டியவர் கொடுத்தாரு, வாங்க வேண்டிய நாங்க தலைகீழாப் பிடிச்சுட்டோம். இன்ஸ்பெக்டரே தலையை ஆட்டினாரு."

அக்கா பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார், போடாமல் திரும்ப உள்ளே வைத்தார். ஏதாவது பிடிபட்டுவிட்டால் அவர் அப்படிச் செய்வார் என்று ஒட்டடைக்குத் தெரியும்.

"மறுபடி போடுங்க," என்றார் அக்கா. கேட்டு முடித்ததும் சொன்னார். "தனிமைக்கு ஒரு உவமை. போன ஊருக்கு ஒரு உவமை. எல்லாம் அந்தப் பொண்ணு பார்க்காதது. விளக்குக்கு மட்டும் ஒண்ணும் இல்லை."

"அதான் சொன்னேனே, அது உருவகம்னு."

"அவங்க உருவகம் எழுதி நீங்க இதுக்கு முன்னால கேட்டிருக்கீங்களா?"

எதுகை யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கை மாத்திரை அட்டையைத் தேடியது, ஆனால் எடுக்கவில்லை. "இல்லை," என்றார்.

ஒட்டடை மனசுக்குள் விரல் விட்டு எண்ணினான். தலைகீழாகத் தொங்கியது நாலு பேருக்குத் தெரியும். எரிந்தது ஒருத்தருக்கும் தெரியாது. காலையில் பார்த்தவர்கள் பார்த்தது செத்த டார்ச்சை. அது எரிந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று மாலையே அந்தக் குழியின் விளிம்பில் நின்றிருக்க வேண்டும். பிணத்தைப் பார்த்த நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. பார்த்த ஐந்தாவது ஆள் மைக்கில் வாசித்திருக்கிறாள், ஊர் கூடிக் கை தட்டியிருக்கிறது.

போனில் கைதட்டல் ஓயவில்லை. அதற்குள் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. மிகையின் குரல் மைக்குக்கு வெளியிலிருந்தே கத்தியது. *நான்தான் உன்னைக் கொன்றேன், ஆசானே.*

"அது அவன் முறையே இல்லை," என்றார் எதுகை, யாரையும் பார்க்காமல். "அவன் எழுதி வெச்சிருந்த கவிதையும் அது இல்லை. கூட்டத்தன்னிக்குக் காலையில இங்க நின்னு எனக்கு வாசிச்சுக் காட்டினான். எரிமலை, சூறாவளி எல்லாம் இருந்துச்சு. இந்த வரி இல்லை."

தையல்கடை ஒரு வாசல் அகலம்தான். உள்ளே ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, கம்பியில் தொங்கும் பிறத்தியார் துணிகள். மிகையின் மனைவி யாருடைய பேண்ட்டையோ கால் குறைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழ முயன்றாள்; அக்கா வேண்டாமென்று கை காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒட்டடை வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே போக அவனுக்கு மனசில்லை.

"அவரை விட்டுடுவாங்களாக்கா?"

"விட்டுடுவாங்கம்மா. அவர் அங்க இல்லை. யார் இருந்தாங்கன்னும் எனக்குத் தெரியும்."

மெஷின் நிற்கவில்லை. தையல் ஓரம் வரை ஓடி முடிந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பேண்ட்டை மடித்து வைத்தாள்.

"விளக்கு வரியா?"

"ஆமா."

"அதுக்கு ஒரு உவமை தேடினேன்க்கா. எத்தனையோ எழுதி எழுதிப் பார்த்தேன். எதை வெச்சாலும் பொய்யாத் தெரிஞ்சுது. விட்டுடலாம்னா அந்த வரி இல்லாம மத்த வரி எதுவும் நிக்கலை." அவள் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். "சுவரைப் பார்த்து உட்கார வெச்சே பழக்கிட்டாரே."

"என்ன நடந்துச்சு?"

"கரண்ட் போனா லிஃப்ட்ல யாராவது மாட்டியிருக்காங்களான்னு கதவைத் திறந்து பார்க்கிறது வழக்கம். எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் திறந்து குனிஞ்சு பார்த்தேன். ஆசான் பின்னால வந்து கையைப் பிடிச்சார். முதல் தடவை இல்லை. 'அவன் ஒரு மிகை, அவனைக் கழிச்சாத்தான் நீ கவிதை'ன்னார். உதறினேன். அவ்வளவுதான், விழுந்துட்டார்."

"உதறினதுன்னா தற்காப்பும்மா. அதைக் கோர்ட்ல..."

"இருங்க." முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "சாகலை. கீழ இருந்து என் பேரைச் சொன்னார். டார்ச் ஆடிட்டு இருந்துச்சு. சத்தம் போட்டிருந்தா வாட்ச்மேன் ஓடி வந்திருப்பார். நான் போடலை. அந்த விளக்கு ஆடுறது நிக்கிற வரைக்கும் பார்த்துட்டே நின்னேன். அப்புறம் கதவைச் சாத்திட்டு, சாவியை ஆணியில மாட்டினேன். தினமும் மாட்டுறது நான்தான்."

எதைப் பார்த்தாலும் ஒட்டடைக்குச் சொல்ல ஒரு 'மாதிரி' உண்டு. அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து வாயைத் திறந்தான். எந்த மாதிரியும் வரவில்லை. மூடிக்கொண்டான்.

"அப்புறம் என்னை ஏம்மா தேடி வந்தே?" என்றார் அக்கா. அவர் குரலில் கோபம் இருந்தது. அது அவள்மேல் இல்லை என்று ஒட்டடைக்குத் தெரிந்தது.

"அவரைப் பிடிச்சுட்டுப் போனதும் ஸ்டேஷனுக்குப் போனேன். 'அவரை விடுங்க, என்னைப் பிடிங்க'ன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றது? தண்ணி கொடுத்து அனுப்பிட்டாங்க. கவிதையில சொன்னேன், கை தட்டினாங்க. நேரா சொன்னதை யாரும் நேரா கேட்கலை. அதான் உங்ககிட்ட வந்தேன். அவரைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்கலைக்கா. உண்மையைக் கண்டுபிடிங்கன்னுதானே கேட்டேன்?"

அது உண்மைதான். அவள் வந்தபோது அதைக் குறிப்பெடுத்தவனே ஒட்டடை. எல்லாரும் சொல்கிற வசனம் என்று நினைத்து எழுதினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்து மெஷினுக்கு உறை போட்டாள். கம்பியில் தொங்கிய துணிகளில் எது யாருடையது என்று பக்கத்துக் கடைக்காரியிடம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை ஆணியில் மாட்டப் போன கையை நிறுத்தி, அக்காவிடம் கொடுத்தாள். "அவர்கிட்ட கொடுத்துடுங்க."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் டார்ச்சுக்குப் புது செல் போட்டார். சுவிட்சைத் தொடவே இல்லை. மூடியைத் திருகியதும் பளிச்சென்று எரிந்தது. அவர் அதை அணைக்கத் தோன்றாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் அவரே இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறை யாரும் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை.

மிகையை வெளியே கொண்டுவந்தார்கள். நடைவழியில் மனைவியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவனுக்கு விளங்கிவிட்டது. கிட்டே போகப் போனவனை ஒரு கான்ஸ்டபிள் தோளைத் தொட்டுத் தடுத்தார். அண்டத்தையே அதிர வைக்கிறவன் சத்தம் போடவில்லை.

ஒட்டடை அவனைச் சுவரோரமாக அழைத்துப்போய் உட்கார வைத்தான். அக்கா கடைச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"அவ அந்த வரியை வாசிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. பார்க்காததை என் பொண்டாட்டி அப்படி எழுத மாட்டா. எல்லாரும் கை தட்டுறாங்க. தட்டி முடிச்சா யாராவது யோசிப்பாங்களே, அது உருவகம் இல்லைன்னு எவனுக்காவது உறைக்குமேன்னு பதறிப் போயிட்டேன். யோசிக்க விடக்கூடாதுன்னு எழுந்து கத்தினேன்."

"அதான் வெளிச்சமே இல்லைன்னு சொன்னீங்களா?"

"விளக்குங்கற பேச்சே வரக்கூடாதுன்னு பார்த்தேன்." அவன் சாவியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். காலரில் காய்ந்திருந்த மஞ்சள் பெயிண்ட் துளியின் ஓரத்தில் கண்ணீர் இறங்கி நின்றது.

பிறகு மிகை மறுபடி பேசினான். குரலை ஏற்றாமல், கூட்டாமல் குறைக்காமல்.

"ஆசான் என் வரி ஒண்ணைக்கூட விடமாட்டார் மேடம். எல்லாத்தையும் அடிச்சுடுவார். வாழ்க்கையில எனக்கு நல்லா வந்தது சபையில கத்தின அந்த ஒரு வரிதான். அதையும் நீங்க அடிச்சுட்டீங்களே."